சிலேடை விமர்சனமாகாது

சில மாதங்களுக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஒரு இளைஞர் ஐந்து இத்தாலியக் கவிதைகளைத் தமிழில் வாசித்தார். அவர் முடித்ததும் பேச எழுந்த மூத்த விமர்சகர் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டே வார்த்தைகள் சொன்னார்: 'த்ரதுத்தோரே, த்ரதித்தோரே.' பிறகு, தெரியாதவர்களுக்காக, 'மொழிபெயர்ப்பாளன் துரோகி. இத்தாலியர்களே சொல்லிவிட்டார்கள்' என்று அர்த்தமும் சொன்னார். கூட்டம் சிரித்தது. இளைஞரும் சிரிக்க முயன்றார். பிறகு தாள்களை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஐந்து கவிதைகளில் எந்த வரி தவறு, எந்தச் சொல் பொருந்தவில்லை, எங்கே ஓசை செத்துப்போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவுமில்லை. தீர்ப்பு ஏற்கனவே வேறொரு தேசத்தில் எழுதப்பட்டுவிட்டது. இங்கே படித்துக் காட்டப்பட்டது, அவ்வளவுதான்.

சிரித்தவர்களில் நானும் ஒருவன். அது மட்டுமல்ல. இதே சொற்றொடரை நானே இரண்டு மதிப்புரைகளில் எழுதியிருக்கிறேன். எழுதியபோது கூர்மையாக ஏதோ சொல்லிவிட்ட திருப்தியும் இருந்தது. ஆகவே இந்தக் கட்டுரை அந்த மூத்த விமர்சகருக்கு மட்டும் எதிரானதல்ல. எனக்கு இத்தாலிய மொழி தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு அகராதி, ஒரு இலக்கணப் புத்தகம், சில ஆங்கில நூல்கள், இவை மட்டுமே என் கைமுதல். ஆனால் அந்த இரண்டு வார்த்தைகளை நம்மிடையே புழங்கவிடுகிறவர்களில் பலருக்கு அந்த அகராதியைத் திறக்கும் பழக்கம்கூட இல்லை என்பதே என் முதல் புகார்.

திறந்தால் என்ன தெரிகிறது? 'த்ரதுத்தோரே'யின் வினைச்சொல் 'த்ரதூர்ரே', மொழிபெயர்த்தல். இது லத்தீனின் 'த்ராதூக்கெரே'யிலிருந்து வந்தது. 'த்ரான்ஸ்' என்றால் குறுக்கே, அப்பால். 'தூக்கெரே' என்றால் நடத்திச் செல்லுதல். 'த்ரதித்தோரே'யின் வினைச்சொல் 'த்ரதீரே', துரோகம் செய்தல். இதன் மூலம் லத்தீனின் 'த்ராதெரே'. இங்கேயும் அதே 'த்ரான்ஸ்'தான். ஆனால் சேர்ந்திருப்பது 'தாரே', கொடுத்தல். முன்னொட்டு ஒன்று, வினைகள் இரண்டு. கையைப் பிடித்து அக்கரைக்குக் கூட்டிப்போவது ஒன்று. கையில் இருந்ததை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு வருவது வேறொன்று. ஒலியில் ஓர் ஒற்றுமை இருக்கிறது; உறவு அந்த முன்னொட்டோடு முடிந்துவிடுகிறது. இதற்குப் பெயர் சிலேடை. காளமேகத்தைப் படித்த நமக்குச் சிலேடை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பொருள்களை ஒரே சொற்களால் பாடிய புலவன் அவை இரண்டும் ஒரே பொருள் என்று நிரூபித்துவிட்டதாக நாம் நினைப்பதில்லை. இத்தாலியச் சிலேடை என்றதும் மட்டும் அது தத்துவமாகிவிடுகிறது.

துரோகி என்ற சொல்லின் கதையையும் பார்த்துவிடுவோம், ஏனெனில் அது நம்முடைய விமர்சகர்கள் நினைப்பதைவிட சுவாரஸ்யமானது. 'த்ராதெரே' முதலில் குற்றச்சொல் அல்ல. ஒப்படைத்தல், அடுத்த தலைமுறைக்குக் கையளித்தல் என்பதே அதன் பொருள். மரபு என்பதற்கு ஐரோப்பிய மொழிகள் வழங்கும் சொல் இந்த வினையிலிருந்துதான் பிறந்தது. மரபின் பெயரால் மொழிபெயர்ப்பாளனைத் துரோகி என்கிறவர் இரண்டுக்கும் ஒரே வேரிலிருந்து சொல் எடுக்கிறார் என்பதை அறியமாட்டார். லத்தீன் விவிலியத்தில் யூதாஸ் கிறிஸ்துவை ஒப்படைத்ததற்கும் இதே வினைதான் வழங்கியது. கையளித்தல் காட்டிக்கொடுத்தலானது அந்த வழியில்.

303-இல் ரோமப் பேரரசன் டயக்ளீஷியன் கிறிஸ்தவர்களின் வேத நூல்களைப் பறித்து எரிக்க ஆணையிட்டான். பயந்துபோய் நூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த குருமார்களுக்கு வட ஆப்பிரிக்காவில் 'த்ராதித்தோரெஸ்', ஒப்படைத்தவர்கள், என்ற பெயர் ஏற்பட்டது. துரோகி என்ற சொல் ஒரு காலத்தில் புத்தகத்தைக் கொளுத்தக் கொடுத்தவனைக் குறித்தது; புத்தகத்தை இன்னொரு மொழியில் வாழவைத்தவனை அல்ல. அந்தக் குற்றச்சாட்டு ஆப்பிரிக்கத் திருச்சபையை இரண்டாகப் பிளந்தது. கார்தேஜ் நகர ஆயருக்குப் பட்டம் கட்டிய ஃபெலிக்ஸ் என்பவர் ஒப்படைத்தவர் என்று எதிர்த்தரப்பு சொன்னது. அப்போது என்ன செய்தார்கள்? விசாரணை வைத்தார்கள். நகராட்சியின் பழைய அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சாட்சியமாகக் காட்டப்பட்ட கடிதத்தில் பிற்பாடு சில வரிகள் சேர்க்கப்பட்டிருப்பது தெரியவந்தது. ஃபெலிக்ஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. நான்காம் நூற்றாண்டில், ரத்தம் சிந்திய ஒரு வழக்கில்கூட, துரோகி என்று சொன்னவனிடம் எந்தப் புத்தகம், எந்த நாள், எவர் கையில் என்று கேட்க ஆள் இருந்தார்கள்.

இனி 'த்ரதூர்ரே'. இது இத்தாலியப் பேச்சில் தானாக முளைத்து இந்தப் பொருளுக்கு வந்த சொல் அல்ல. படித்தவர்கள் லத்தீனிலிருந்து எடுத்துக்கொண்ட கடன். பண்டைய ரோமானியர்கள் மொழிபெயர்ப்புக்கு இந்த வினையைப் பயன்படுத்தவில்லை. அவர்களிடம் திருப்புதல், பெயர்த்துக் கொண்டுபோதல், விளக்குதல் என்று வேறு வினைகள் இருந்தன. கிரேக்க நாடகத்தைத் தான் அந்நிய பாஷையில் 'திருப்பியதாக' ப்ளாட்டஸ் தன் நாடக முன்னுரையிலேயே சொல்லிக்கொள்கிறான். அவன் கேலியாக அந்நிய பாஷை என்றது தன் சொந்த லத்தீனை. 'த்ராதூக்கெரே' அப்போது வேறு வேலைகள் செய்துகொண்டிருந்தது. கி.மு. 58-இல் அரார் ஆற்றின் மேல் பாலம் போட்டுத் தன் படையை அக்கரைக்கு நடத்தியதைச் சீசர் எழுதும்போது வருவது இந்த வினைதான். குற்றவாளிகளை ஊர் பார்க்க நடத்திச் சென்று அவமானப்படுத்துவதற்கும் இதே வினை. ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'ட்ரடியூஸ்' என்று இறங்கி, இன்றும் அவதூறு செய்வதையே குறிக்கிறது.

மொழிபெயர்ப்பு என்ற பொருள் வந்தது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் ஒரு மனிதன் வழியாக. லெயொனார்தோ புரூனி 1370 வாக்கில் அரெஸ்ஸோவில் பிறந்தவர். 1397-இல் ஃபிளாரென்ஸுக்குக் கிரேக்கம் கற்பிக்க வந்த மனுவேல் கிரிஸொலோராஸின் மாணவர். பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் லத்தீனில் கொண்டுவந்தவர். 1427 முதல் 1444-இல் சாகும்வரை ஃபிளாரென்ஸ் குடியரசின் தலைமைச் செயலர், அதாவது பகலில் அரசாங்கக் கடிதங்கள் எழுதிய குமாஸ்தாக்களின் தலைவர். இவரும் இவருடைய நண்பர்களும் பழைய வினைகளை ஒதுக்கிவிட்டு 'த்ராதூக்கெரே'யை மொழிபெயர்ப்புக்குப் புழங்கத் தொடங்கினார்கள். அது இத்தாலியத்துக்கு வந்தது. அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போயிற்று. ஸ்பானிஷிலும் போர்த்துகீஸிலும் மொழிபெயர்ப்புக்கு இன்று வழங்குவது இதே லத்தீன் வினையின் வடிவம்தான்.

புரூனிக்கு இந்தச் சொல் எங்கிருந்து கிடைத்தது? ரெமீஜியோ சப்பதினி என்ற இத்தாலிய அறிஞர் ஓர் ஊகம் சொன்னார்; ஜார்ஜ் ஸ்டைனர் 1975-இல் வெளியான 'பாபேலுக்குப் பின்' நூலில் அதை எடுத்துச் சொன்னார். இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளன் ஔலுஸ் கெல்லியுஸின் 'அத்தேனிய இரவுகள்' நூலில், ஒரு பழைய கிரேக்கச் சொல் ரோம மொழிக்குள் 'நடத்தி வரப்பட்டது' என்று ஓரிடம் இருக்கிறது. கெல்லியுஸ் சொன்னது, சொல் கடனாக வந்தது என்பதை. புரூனி அதை, சொல் மொழிபெயர்க்கப்பட்டது என்று தவறாகப் படித்துவிட்டார் என்பது ஊகம். இது நிரூபணமல்ல, தெரிந்தே செய்த தேர்வாகவும் இருக்கலாம். ஆனால் நான் சொல்லவருவது பிழையைப் பற்றியல்ல, அந்த இடத்தைப் பற்றி. அங்கே கெல்லியுஸ் எதைப் பேசிக்கொண்டிருக்கிறான் தெரியுமா? போலிச் சொற்பிறப்பைப் பற்றி.

ஏலியுஸ் என்ற பண்டிதர் முயல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லைப் பிரித்து, லேசான பாதம் உடையது என்பதால் அதற்கு அந்தப் பெயர் என்று விளக்கியிருந்தார். அவருடைய மாணவர் வார்ரோ, அது லத்தீனே அல்ல, பழைய கிரேக்கச் சொல். கடன் வாங்கிய சொல்லைச் சொந்தச் சொல்லாக நினைத்துத் துண்டாடிப் பொருள் சொல்வது அபத்தம் என்று கண்டித்தார். கெல்லியுஸ் இதைப் பாராட்டிவிட்டு, அதே வார்ரோ வேறோர் இடத்தில் திருடன் என்ற சொல்லுக்கு இருட்டிலிருந்து வேர் கண்டுபிடித்து அதே தவறில் விழுந்திருப்பதையும் காட்டுகிறான். ஆக, ஊகம் சரியென்றால், மொழிபெயர்ப்புக்கு ஐரோப்பாவில் பாதிப் பேர் வழங்கும் வினைச்சொல், ஒலியை நம்பிப் பொருள் சொல்லாதே என்று எச்சரிக்கும் ஒரு பக்கத்திலிருந்து புறப்பட்டது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் ஒலியை நம்பிப் பொருள் சொல்லும் ஒரு பழமொழி உலகம் சுற்றுகிறது. 'தூக்கெரே'யும் தமிழ்த் 'தூக்கு'ம் ஒரே வேர் என்று கட்டுரை எழுத நம்மிலும் ஏலியுஸ்கள் உண்டு. அதற்கு ஒரு பத்திரிகையும் கிடைக்கும்.

சரி, பழைய சொற்கள் இருக்கும்போது புதுக் கடன் எதற்கு? இதற்குப் பதில் தேடியவர் ஜான்ஃபிரான்கோ ஃபோலேனா. 1973-இல் வெளியான அவருடைய நீண்ட கட்டுரையின் தலைப்பிலேயே இரண்டு வினைகள் எதிரெதிரே நிற்கின்றன: 'வொல்கரிட்ஸாரே', 'த்ரதூர்ரே'. முதலாவது இடைக்கால இத்தாலியின் சொல்; லத்தீனில் உள்ளதை மக்கள் மொழிக்கு இறக்கிக் கொடுத்தல். மேலே ஒரு மொழி, கீழே ஒரு மொழி. சொல்லிலேயே படிக்கட்டு இருக்கிறது. புரூனியின் சொல் வேறு வகையானது. கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போகிறவன் படி இறங்கவில்லை. சமமான இரண்டு கரைகளுக்கிடையே கடக்கிறான். அதோடு, நடத்திச் செல்கிறவன் என்று ஒருவன் அந்த வினைக்குள் இருக்கிறான். அவனுக்கு ஒரு முகமும் கையெழுத்தும் உண்டு. யார் நடத்திச் சென்றான், எப்படி நடத்தினான் என்று கேட்க இடம் உண்டு. கடன் வாங்கிய இந்தச் சொல்லோடு மொழிபெயர்ப்பாளனின் பொறுப்பு என்ற எண்ணமும் வந்தது.

பொறுப்பு என்று நான் சும்மா சொல்லவில்லை. 1420-களில் புரூனி சரியான மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் கேட்பவை கடுமையானவை. மூல மொழியை மேலோட்டமாக அல்ல, அதன் தத்துவவாதிகளையும் கவிகளையும் பேச்சாளர்களையும் படித்துப் படித்துத் தெரிந்திருக்க வேண்டும். தன் மொழி தன் அதிகாரத்தில் இருக்க வேண்டும். ஒரு சொல் தேவைப்படும்போது பிச்சை எடுக்கக்கூடாது. காது வேண்டும், மூலத்தின் தாளம் போய்விட்டால் மூலமே போயிற்று. அரிஸ்டாட்டிலின் பழைய லத்தீன் மொழிபெயர்ப்பாளன் மக்களாட்சி, சிலராட்சி என்பவற்றுக்கான கிரேக்கச் சொற்களை அப்படியே விட்டுவைத்தான் என்று கோபப்படுகிறார்; அவற்றுக்கு லத்தீனில் சொல் இருக்கிறதே என்று எடுத்துக் காட்டுகிறார். ஸ்பெயின் நாட்டு ஆயர் அலோன்ஸோ தெ கார்த்தஹேனா பழைய மொழிபெயர்ப்புக்கு ஆதரவாகப் புரூனியோடு மோதினார். அவருக்குக் கிரேக்கம் தெரியாது. தத்துவம் எல்லா மொழிக்கும் பொதுவான அறிவு, எனவே மொழிபெயர்ப்பை அந்த அறிவால் சோதிக்கலாம் என்பது அவர் கட்சி. யார் சரி என்பது வேறு விஷயம். அரிஸ்டாட்டிலின் 'நன்மை' என்ற ஒரு சொல்லை எப்படிச் சொல்வது என்று இரண்டு பெரிய மனிதர்கள் கடல் கடந்து சண்டை போட்டார்கள். அதுதான் விமர்சனம். துரோகி என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தால் இருவருக்கும் நேரம் மிச்சமாகியிருக்கும். நமக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

இந்த இடத்தில் எதிர்க்கட்சியில் இருக்கும் என் நண்பர்கள் சந்தோஷப்படுவது கேட்கிறது. பார்த்தீர்களா, மூலச்சொல்லே நடத்திச் செல்லுதல் என்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பு ஒரு பாலம், மொழிபெயர்ப்பாளன் ஓடக்காரன், கலாசாரத் தூதுவன் என்று அவர்கள் மேடையேறுவார்கள். இவர்களுக்கும் நான் எதிரி. துரோகி என்கிறவர் ஒலியிலிருந்து தீர்ப்பு எடுக்கிறார். ஓடக்காரன் என்கிறவர் வேரிலிருந்து தீர்ப்பு எடுக்கிறார். இரண்டு பேரும் மொழிபெயர்ப்பைப் படிக்கவில்லை. வேரிலிருந்து தீர்ப்பு எடுப்பதானால் நான் எதை வேண்டுமானாலும் எடுத்துத் தருகிறேன். சீசரை வைத்து, மொழிபெயர்ப்பு என்பது ஆக்கிரமிப்பு, அந்நிய மண்ணில் படை இறக்குவது என்று நிரூபிக்கலாம். இன்றைய இத்தாலியில் கைதியைக் காவலோடு சிறைக்குக் கொண்டுபோவதற்கும் 'த்ரதூர்ரே' என்ற இதே வினைதான் அலுவலகச் சொல். ஆகவே மொழிபெயர்ப்பாளன் போலீஸ்காரன். முதல் உலகப்போரில் சிப்பாய்களை ஏற்றிப்போன ரயிலுக்குப் பெயர் 'த்ரதோத்தா'. ஆகவே மொழிபெயர்க்கப்பட்ட கவிதை சாகப்போகும் சிப்பாய். ஆங்கிலத்தை வைத்து, மொழிபெயர்ப்பாளன் அவதூறுக்காரன். எல்லாம் அகராதியில் இருக்கிறது. ஒன்றுகூட அந்த இளைஞரின் ஐந்து கவிதைகளைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை.

நம் சொல்லையும் இப்படிச் செய்யலாம். 'பெயர்' என்பதற்கு இடம் மாறுதல் என்றும் பொருள், தோண்டி எடுத்தல் என்றும் பொருள். சுவரைப் பெயர்ப்பதுபோல மொழியைப் பெயர்ப்பது, ஆகவே மொழிபெயர்ப்பு இடிப்பு வேலை என்று நாளை ஒருவர் எழுதலாம். தொல்காப்பிய மரபியல் மொழிபெயர்ப்பை வழிநூலின் நான்கு வகைகளில் ஒன்றாக, தொகுத்தல், விரித்தல் முதலியவற்றோடு சேர்த்து, நிதானமாக எண்ணிவிட்டுப் போகிறது. அங்கே புலம்பலும் இல்லை, புளகாங்கிதமும் இல்லை. அது ஒரு வேலை, அதற்கு நெறி உண்டு, அவ்வளவுதான்.

சிலேடைக்குத் திரும்புகிறேன். அது எழுத்தில் வந்த பழைய இடங்களில் ஒன்று, பிரெஞ்சுக் கவி துபெல்லே 1549-இல் தன் மொழிக்காக வாதாடி எழுதிய நூல். அங்கே அவர் எல்லா மொழிபெயர்ப்பாளர்களையும் துரோகிகள் என்று சொல்லவில்லை. மோசமான மொழிபெயர்ப்பாளர்களைச் சொல்கிறார். மேதாவிப் பட்டத்துக்காக, எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் அரிச்சுவடிகூடப் படிக்காமல் 'கடனில்' மொழிபெயர்க்கிறவர்களைச் சொல்கிறார். அதாவது அது குறிப்பான குற்றச்சாட்டு. இன்னாரிடம், இன்ன காரணத்துக்காக. அவரே மூன்று வருஷம் கழித்து, 1552-இல், வெர்ஜிலின் காவியத்தில் நான்காம் பகுதியை மொழிபெயர்த்து வெளியிட்டார். குற்றச்சாட்டிலிருந்து குற்றம் உதிர்ந்து, ஆள் உதிர்ந்து, காரணமும் உதிர்ந்த பிறகு மிஞ்சிய சக்கைதான் நம் மேடைகளில் கேட்கும் பழமொழி.

எத்தியேன் தொலே என்ற இன்னொருவரையும் நினைக்க வேண்டும். 1540-இல் லியோனில், நன்றாக மொழிபெயர்ப்பது எப்படி என்று ஒரு சிறு புத்தகம் போட்டவர். இத்தாலியிலிருந்து வந்த இந்தப் புதுச் சொல்லைப் பிரெஞ்சில் நிலைநிறுத்தியவர்களில் ஒருவர். 1546-இல் பாரிஸில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தார்கள். மேலிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, பிளேட்டோவுடையது என்று நம்பப்பட்ட ஓர் உரையாடலில், மரணத்துக்குப் பின் மனிதன் என்ன ஆவான் என்ற இடத்தில், 'ஒன்றுமே இல்லை' என்று பொருள்படும் மூன்று சொற்களை அதிகமாகச் சேர்த்துவிட்டார் என்பது. கொடுமைதான், அநியாயம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவரைக் கொன்றவர்கள்கூட எந்த மூன்று சொற்கள் என்று விரலை வைத்துக் காட்டினார்கள். நம் விமர்சகர்கள் அந்த சிரமமும் எடுத்துக்கொள்வதில்லை.

1959-இல் ரோமன் யாக்கப்ஸன் மொழிபெயர்ப்பைப் பற்றிய தன் கட்டுரையை இந்தப் பழமொழியோடுதான் முடித்தார். வேறு மொழிக்குப் போனால் ஒலிவிளையாட்டு போய்விடும். மிஞ்சும் வாக்கியத்தைப் பார்த்து, எந்தச் செய்தியை மொழிபெயர்த்தவன், எந்த மதிப்பைக் காட்டிக்கொடுத்தவன் என்று கேட்க வேண்டியிருக்கும் என்றார். இத்தாலியத்தில் அது கண் சிமிட்டுகிறது. தமிழில் 'மொழிபெயர்ப்பாளன் துரோகி' என்றால் கண் சிமிட்டல் இல்லை, வெறும் வசவு. வசவைச் சட்டமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. ஆக, இந்தப் பழமொழியைத் தமிழில் சொன்னவர், தான் கண்டிக்கும் காரியத்தைத் தானே, அதுவும் மோசமாக, செய்திருக்கிறார்.

என் அடிப்படைப் புகார் இதுதான். இந்தச் சொற்றொடர் கடுமையானது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதைவிடத் தாராளமான மன்னிப்பு கிடையாது. எல்லா மொழிபெயர்ப்பாளர்களும் துரோகிகள் என்றால் எவருமே துரோகியில்லை. வரிக்கு வரி அகராதி பார்த்தவனும், புரியாத பத்திகளைத் தாண்டிக்கொண்டு போனவனும் ஒரே கூண்டில். மூலத்தைப் பார்க்காத மொழிபெயர்ப்பாளனுக்கும் மூலத்தைப் பார்க்காத விமர்சகனுக்கும் இது ஒரே சமயத்தில் வசதி. நான் வேலை பார்க்கும் வங்கியில் மாலையில் கணக்கு டேலி ஆகவில்லை என்றால், குமாஸ்தாக்கள் எல்லோரும் திருடர்கள் என்று எழுதிவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. உட்கார்ந்து லெட்ஜரைப் புரட்டி, எந்தப் பதிவில் எந்த எண் இடம் மாறியது என்று தேடுகிறோம். கிடைக்கிறது. பெரும்பாலும் திருட்டு அல்ல; அசதி.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, வெட்கத்தினால்தான், அந்த இளைஞரைத் தேடிப்போய்த் தாள்களைக் கேட்டேன். 'எதுக்கு ஸார், அதான் சொல்லிட்டாங்களே' என்றார். வற்புறுத்தி வாங்கினேன். அவர் பயன்படுத்தியது இடப்பக்கம் இத்தாலியமும் வலப்பக்கம் ஆங்கிலமும் அச்சான ஒரு பதிப்பு. ஆங்கிலத்தைப் படித்துத் தமிழாக்கியிருந்தார். துபெல்லே சொன்ன கடன்தான். இந்தக் கடனில்தான் நம்மில் பலர் உலக இலக்கியத்தைப் படிக்கிறோம். அதைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் சிலேடை சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். நானும் அவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இடப்பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

முதலில் கண்ணில் பட்டது 'நான்'. தமிழ்ப் பிரதியில் ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் நான், நான், நான். வலப்பக்க ஆங்கிலத்திலும் அப்படியே. இடப்பக்கத்தில் அந்தச் சொல்லே அரிது. இத்தாலியத்தில் அது வேண்டியதில்லை. வினையின் விகுதியே ஆளைச் சொல்லிவிடும். 'த்ரதூக்கோ' என்றால் போதும், மொழிபெயர்க்கிறேன். தமிழிலும் அதே இலக்கணம்தானே? 'மொழிபெயர்க்கிறேன்' என்பதில் 'ஏன்' விகுதிக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் இன்னொரு முறை பெயர்ப்பலகை எதற்கு? ஆங்கில வினைக்கு அந்த வசதி இல்லாததால் அது ஒவ்வொரு முறையும் எழுவாயை முன்னால் நிறுத்துகிறது. இத்தாலியமும் தமிழும் நேருக்கு நேர் பார்த்திருந்தால் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டிருக்கும் இடத்தில், நடுவில் நின்ற ஆங்கிலம் மறைத்துவிட்டது. அடக்கமாக முனகும் ஒரு கவிதை, தமிழில் மார்தட்டும் கவிதையாகிவிட்டது. இது காட்டக்கூடிய பிழை. திருத்தக்கூடிய பிழை. துரோகம் அல்ல.

அவர் பென்சிலை எடுத்து ஒவ்வொரு 'நான்' ஆக அடித்துக்கொண்டு வந்தார். மூன்றாவது கவிதையில் ஒரிடத்தில் நிறுத்தினார். அங்கே இத்தாலியக் கவி, தேவையில்லாதபோதும், அந்தச் சொல்லை வேண்டுமென்றே போட்டிருந்தான். 'இது இருக்கட்டும் ஸார்' என்றார். இருக்கத்தான் வேண்டும். அந்த ஒரு 'நான்' அப்போதுதான் முதல்முறையாக எனக்குக் கேட்டது.